மொட்டைப்பாறைக்கு வழி

என் மச்சான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் அடி நடந்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய சர்க்கரை ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். சின்னாளப்பட்டிக் கடைத்தெருவில் சேலைக்கடை வைத்திருக்கிறார். காலையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாரென்றால் கடை சாத்தும்வரை அப்படியேதான் இருப்பார். நடுவில் வடை வந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

திண்டுக்கல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தினமும் நடக்க வேண்டும், மூன்று மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் ஊசி என்றார். மச்சானுக்கு ஊசி என்றால் பயம். அக்காவுக்கு இருந்த பயம் வேறு. மச்சானின் அப்பாவுக்கும் இதே வியாதிதான். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. அந்த இரண்டு வருஷமும் அவருக்கு மருந்து வைத்துக் கட்டியவள் அக்காதான். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள். மச்சான் குளித்துவிட்டு வரும்போது அவருடைய பாதங்களை மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

அதனால் அவருடைய செல்போனில் அடி எண்ணுகிற ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். மச்சான் காலையில் வெளியே போவார், ஒன்றரை மணி நேரம் கழித்து வேர்க்காமல் திரும்புவார், போனில் பன்னிரண்டாயிரம் இருக்கும். அக்கா அந்தப் பெருமையைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்த வாரத்தில்தான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை கூடியிருந்தது.

மறுநாள் காலை, மச்சான் நடக்கப் போன நேரம் பார்த்து அக்கா போன் போட்டாள். எடுத்தது மச்சான் இல்லை. இரண்டு வீடு தள்ளித் தறி நெய்கிறவர். பின்னால் தறிச்சத்தம் கேட்டது.

"அண்ணே இங்க இல்ல மதினி," என்றார் அந்த அப்பாவி. "போன் மட்டுந்தான் நடக்குது."

விஷயம் இதுதான். தறியில் ஒவ்வொரு இழைக்கும் முன்னும் பின்னும் ஆடுகிற பலகை ஒன்று உண்டு. மச்சான் தினமும் அதில் போனைக் கைக்குட்டையால் கட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். பலகை ஒரு ஆட்டம் ஆடினால் ஒரு அடி. பாதிச் சேலை நெய்வதற்குள் மச்சான் மதுரைக்குப் பாதி வழி போய்விடுவார்.

"தறிக்குச் சக்கரை நல்லாக் கொறைஞ்சிருக்கும்," என்றாள் அக்கா, மச்சான் வீடு திரும்பியதும். "உங்களுக்கு என்ன செய்யப் போறீக?"

மச்சான் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அது தப்பாகப் போயிற்று.

"சிரிக்கிறியா? நாளையிலருந்து நீ கூட்டிட்டுப் போற."

எனக்கு நாற்பத்தாறு வயது. சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். அக்கா துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டு, அக்கம்பக்கத்து வீடுகளிலும் போட வைத்து வாங்கித் தருவாள். நான் சாயத்தில் முக்கி எடுப்பேன், முடிச்சைப் பிரித்தால் சுங்குடிச் சேலை. அக்கா சொன்னால் மறுக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. அவள் சொன்னதைச் செய்துகொண்டே வாயடிக்கிற பழக்கம் உண்டு. வாழ்க்கையில் நான் மாட்டிக்கொண்ட இடங்களிலெல்லாம் என் கால் போய் மாட்டியது கம்மி, வாய்தான் போய் மாட்டியிருக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கே கையை நீட்டினால் சிறுமலை. பிறந்ததிலிருந்து அதைப் பார்க்கிறோம். மலையில் மேகம் இறங்கினால் காயப்போட்ட துணியை எடுக்கிறோம். அதோடு எங்களுக்கும் மலைக்கும் உள்ள உறவு முடிந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் காரில் வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போட்டோ எடுத்துப் போகிறார்கள். நாங்கள் மலை பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கொடைக்கானல் போவோம். அடிவாரத்தில் நடந்து போக எத்தனை பாதை இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா. அந்த அம்மாவை யாரும் கேட்டதில்லை.

முதல் நாள் கண்மாய்க் கரையில் நடந்தோம். மச்சான் நூறடிக்கு ஒரு தடவை நின்று, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று ஆராய்ந்தார். இரண்டாவது நாளும் அதே ஆராய்ச்சி. இது சரிப்படாது, போய்ச் சேர ஒரு இடம் இருந்தால்தான் இந்த மனுஷன் நகருவார் என்று எனக்குப் பட்டது. மொட்டைப்பாறை ஞாபகம் வந்தது. காட்டு இலாகாவின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில் இருக்கிற ஒரு பெரிய பாறை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு தடவை போயிருக்கிறேன். மல்லிகைத் தோட்டம், தென்னந்தோப்பு, ஓடை எல்லாம் தாண்டினால் ஒரு வேப்பமரம். அங்கே பாதை மூன்றாகப் பிரியும். மூன்றில் எது பாறைக்குப் போகும் என்பதை நான் மறந்திருந்தேன். மறந்ததை ஒத்துக்கொள்ளாமல் இடது பக்கம் கையைக் காட்டினேன்.

இடது பக்கம் செங்கல் சூளை இருந்தது. சூளையில் ஆள் இல்லை, நாய்கள் இருந்தன.

மச்சான் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். வேப்பமரம்வரை திரும்ப ஓடி வந்து இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். அப்போது பின்னாலிருந்து அந்த ஆட்டுக்கார அம்மா வந்தது. கையில் ஒற்றைச் செருப்பு.

"ஏன் அப்பு, ஒத்தச் செருப்புலயே வீட்டுக்குப் போயிருவீகளா?"

மச்சானின் இடது காலில் செருப்பில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாய்க்குப் பயந்து செருப்பை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று அந்த அம்மாவிடம் ராகம் போட்டுச் சொன்னேன். அம்மாவும் சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழண்டது தெரியல மாப்ள," என்றார் மெதுவாக. "இப்ப இந்தம்மா சொல்லித்தான் தெரியும்."

கல்லும் முள்ளுமாக அவ்வளவு தூரம் வெறுங்காலில் ஓடி வந்திருக்கிறார். கால் அவருக்குச் சொல்லவில்லை. என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. 

"அக்காட்ட சொல்லாத," என்றார்.

சொல்லவில்லை. அன்றைக்கே திண்டுக்கல் போய், கனமான அடி வைத்த கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து, எனக்குப் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லி அவர் காலில் மாட்டிவிட்டேன். என் கால் அவர் காலைவிட இரண்டு சைஸ் சின்னது. அக்கா அதைக் கவனித்தாள்.

ஷூ கிடைத்தாலும் மச்சானுக்கு ஒரு சாக்கும் கிடைத்திருந்தது. வழி தெரியாதவனை நம்பி இனிமேல் வரமுடியாது என்றார். அந்தச் சாக்கைப் பிடுங்குவதற்காக மறுநாள் நான் தனியாகக் கிளம்பினேன். ஆட்டுக்கார அம்மாவிடம் விசாரித்ததில் வலது பக்கப் பாதைதான் பாறைக்குப் போகிறது என்று தெரிந்தது. பட்டறையிலிருந்து ஒரு பை நிறையத் துண்டுத்துணி எடுத்துப் போயிருந்தேன். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு துண்டில் முக்கிப் பார்ப்போம், அந்தத் துண்டுகள். வேப்பமரத்தில் இரண்டு துண்டு, அங்கிருந்து பாறைவரை வழியில் உள்ள செடிகளில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனேன். திரும்பி வந்து, மரத்தடியில் மூன்று கல்லை நட்டு வைத்து, நடுக்கல்லில் மிச்சச் சாயத்தால் வலது பக்கம் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டேன். கண் தெரியாதவன்கூட வழி தப்ப முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அந்த வாரம் பட்டறையில் ஓடிய ஆர்டர் மஞ்சளும் சிவப்பும்.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தோம். துணி காட்டிய வழியில் போய்ப் பாறை ஏறி, வடக்கே சின்னதாகத் தெரிகிற திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கினோம். மச்சான் தினமும் முனகினார், தினமும் வந்தார். பிறகு இரண்டு நாள் மழை பெய்தது. மழையில் அம்புக்குறி கரைந்து, கல்லின் நெற்றியிலிருந்து சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் நான் மட்டும் கொஞ்சம் முன்னால் போய்விட்டேன். வேப்பமரத்தடியில் ஆட்டுக்கார அம்மா கும்பிட்டபடி நின்றிருந்தது.

"இது என்ன சாமி அப்பு?"

நான் போட்ட அம்புக்குறி என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்குத்தான் நாக்கில் சனியாயிற்றே.

"புதுசா வந்திருக்காரு," என்றேன். "இன்னும் யாரோடயும் பேச ஆரம்பிக்கல."

அந்த அம்மா சிரிக்கும் என்று நினைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அடுத்த நாள் கல்லுக்கு மல்லிகைப் பூ வைத்திருந்தது. மச்சான் நின்றார். கல்லைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், மரத்தில் ஆடுகிற மஞ்சள் சிவப்புத் துணிகளைப் பார்த்தார். தினமும் பார்த்த துணிதான். பூ வைத்த பிறகு அவருக்கு அது வேறாகத் தெரிந்தது. கைகூப்பி, கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்து பாறையை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். முனகவில்லை. நடுவில் நிற்கவுமில்லை. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்றையிலிருந்து விடிவதற்குள் என் வீட்டுக் கதவைத் தட்டுவது அவருடைய வேலையாயிற்று. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் நடப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை. வடையையும் நிறுத்திவிட்டார். சாமி முன்னால் ஒரு செல்ஃபி எடுத்து வந்து அக்காவிடம் காட்டினார். அக்கா போட்டோவை விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சக்தியுள்ள சாமியாத்தேன் தெரியுது," என்றாள் முகத்தை வெகு பயபக்தியாக வைத்துக்கொண்டு. "விடாமப் போயிட்டு வாங்க."

நான் தலையைக் குனிந்து காபியைக் குடித்தேன்.

ஒரு மாதத்தில் அந்த வேப்பமரத்தில் இலை தெரியவில்லை. துணி, வளையல், ஒரு மணி, யாரோ கொண்டுவந்து வைத்த ஒரு பித்தளை விளக்கு. சாமி ஆணா பெண்ணா என்பதில் மட்டும் ஊருக்குள் ஒற்றுமை வரவில்லை. கருப்பசாமி என்று ஒரு கட்சி, அம்மன் என்று ஒரு கட்சி. செவ்வாய்க்கிழமை வருகிறவர்கள் சேலை சாத்துவார்கள், சனிக்கிழமை வருகிறவர்கள் அதை எடுத்துவிட்டு வேட்டி கட்டுவார்கள். என்னைக் கேட்டபோது, சாமி இரண்டு உடுப்பையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தானே முடிவு செய்யட்டும் என்றேன். எல்லாரும் அதை நியாயம் என்றார்கள். துணி கட்ட மரத்தில் இடம் போதாமல் மூன்று பாதைகளிலும் கட்ட ஆரம்பித்ததில் இன்னொரு கூத்தும் நடந்தது. எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்த இரண்டு பேர் துணியைப் பார்த்துக்கொண்டே போய்ச் செங்கல் சூளை நாய்களைத் தரிசித்துவிட்டு வந்தார்கள். வழிக்காக நான் கட்டிய துணியால் வழியே தெரியாமல் போனது. எனக்கு அதெல்லாம் ஒரே கொண்டாட்டம். ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

இதற்கிடையில் சாயம் வாங்கவும் வசூலுக்குமாக நான் ஒரு வாரம் ஈரோட்டுப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்த மறுநாள் காலை மச்சானோடு கிளம்பினேன். வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. சாமி இருக்கிற இடமாயிற்றே, எல்லாரும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மரத்தைச் சுற்றினார்கள். மச்சானும் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"இங்கிட்டிருந்து பாறை வரைக்கும் வெறுங்கால்தான் மாப்ள. நீ ஊருக்குப் போன அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். எல்லாரும் அப்படித்தான் போறாக."

"ஒங்களுக்கு வேண்டாம். போடுங்க."

"சாமி முன்னாடி ஷூ போட்டு நடக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

நான் அவருடைய ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வழி முழுக்கச் சீமைக்கருவேல முள். பாறையில் ஏறும்போது, முன்னால் போகிற அவர் தடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. சாயம் என்றுதான் எனக்குப் பட்டது. இருபத்தைந்து வருஷமாகச் சிவப்பு என்றால் எனக்குச் சாயம்தான். அடுத்த அடியில் இன்னொரு புள்ளி. அதற்கடுத்த அடியில் இன்னும் கொஞ்சம் பெரிதாக. உச்சியில் மச்சான் கைகளை விரித்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உட்காரச் சொல்லிக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு விரல் நீள முள் முக்கால்வாசி உள்ளே இறங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பழைய குத்து, அது சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"என்னாது?" என்றார் மச்சான். "என்ன பாக்குற?"

அவரைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் முள்ளை எடுத்து, பழைய குத்தைக் கீறிச் சுத்தம் செய்து, எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். இரண்டு வாரம் பார்ப்போம், அதற்குள் ஆறத் தொடங்கவில்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரி என்றார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் மடியில் துணியைப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். துணி கட்டியது, கல்லை நட்டது, அம்புக்குறி போட்டது, ஆட்டுக்கார அம்மாவிடம் வாயடித்தது, எல்லாம். அவள் கை நிற்கவே இல்லை.

"தெரியும்டா," என்றாள்.

"எப்படி?"

"போட்டோலயே தெரிஞ்சிருச்சு. நீ எடதுகைக்காரன். ஒன் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தும். ஊர்ல வேற யாரு அப்படிக் கட்டுறா?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா மனுசன் மறுபடியும் டீக்கடைக்குப் போயிருவாரு. அதான் நானும் நாலு பேர்ட்ட சக்தியுள்ள சாமின்னு சொல்லிவிட்டேன். மொதப் பூ மட்டுந்தேன் ஆட்டுக்காரம்மா வச்சது. பின்னால வந்த பூவெல்லாம் நாந்தேன் குடுத்துவிட்டேன்."

நான் திகைத்துப் போனேன். என் விளையாட்டை எனக்குத் தெரியாமலே அவள் வாங்கி ஆடியிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

அக்காவின் கை அப்போதுதான் நின்றது. "செருப்பைக் கழட்டுவாருன்னு நெனைக்கவே இல்லடா," என்றாள். "சாமின்னா கழட்டத்தான செய்வாக. அது தோணலையே எனக்கு. ரெண்டு பேருமாச் சேந்து அவர முள்ளுல நடக்க விட்டுட்டோம்."

அவள் அழுதாள். மாமனாருக்குக் கட்டுப் போட்ட நாட்களில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. 

உள்ளே கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த மச்சானிடம் போய் அங்கேயும் ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று தயாராகத்தான் போனேன். முழுவதையும் கேட்டார்.

"சரி, நீதான் கட்டுன. நீதான் கல்லு நட்ட. ஒன்னையக் கட்ட வச்சது யாரு?"

"அக்காவுக்குப் பயந்துதான் மச்சான்..."

"அட, அதுக்கும் மேல." விட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். "மண்டலம் முடிய இன்னும் ஒம்பது நாள் இருக்கு. கட்டப் பிரிச்சதும் போறேன். வெறுங்காலோடதான்."

கூடத்துக்கு வந்து அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்திருந்தாள். வரப்போவது நல்லதில்லை என்று எனக்குத் தெரிகிற ஒரு பார்வை அவள் கண்ணில் வந்திருந்தது.

மறுநாள் காலை அக்காவுக்குக் கனவு வந்துவிட்டது. கண்மாய்க் கரையில் ஆட்டுக்கார அம்மாவைத் தேடிப் பிடித்து அதைச் சொன்னாள். சாமி காலில் செருப்போடு வந்து நின்றதாம். 'நான் காட்டுக்குள்ள நடந்து நடந்து காவல் காக்குறவன், எங்கிட்ட ஏன் எல்லாரும் வெறுங்காலோட வாரீக? எனக்கு முன்னால எவன் செருப்பைக் கழட்டுறானோ அவனுக்கு முள்ளுதான்' என்றதாம். காவல் தெய்வத்துக்குச் செருப்புச் செய்து காணிக்கை போடுவது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதனால் யாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. அதோடு மச்சானின் குதிகால் வேறு சாட்சிக்கு இருந்தது. சாயங்காலத்துக்குள் கனவு ஊரைச் சுற்றி மச்சானின் கட்டிலுக்கே வந்துவிட்டது, அதுவும் அவருடைய கடையில் வேலை பார்க்கிற பெண்ணின் வாயால். பெண்டாட்டி நேரில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். வெளியிலிருந்து வந்ததால் நம்பினார்.

"பாத்தியா மாப்ள," என்றார் என்னிடம். "அதான் குத்திருச்சு. தப்பு எம்மேலதான்."

சாமி ஆண்தான் என்பதும் அன்றோடு முடிவாயிற்று. அம்மன் கட்சிக்காரர்கள் சேலை சாத்துவதை நிறுத்தினார்கள்.

ஆனால் கனவு காலை ஆற்றாது. முதல் வாரம் புண் அப்படியே இருந்தது. தினமும் காலையில் நான் கூட்டிப்போய்க் கட்டு மாற்றி வருவேன். டாக்டர் கட்டைப் பிரிக்கும்போது மச்சான் என் முகத்தைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். பத்தாவது நாளோ என்னவோ, டாக்டர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். நல்ல ஆட்டமா கெட்ட ஆட்டமா என்று தெரியாமல் இருவரும் நின்றோம். "ஆறுது," என்றார். வெளியே வந்து, வண்டி நிறுத்தியிருந்த இடத்தில், நான் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டர் நடக்கவிட்டார். அதற்குள் சாப்பாட்டை அக்கா தன் கைக்குள் கொண்டுவந்திருந்தாள். மாத்திரையை டாக்டர் மாற்றியிருந்தார். புது ரிப்போர்ட்டில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

மறுநாள் விடியலில் கதவு தட்டப்பட்டது. மச்சான் புது ஷூவோடு நின்றார், உள்ளே தடித்த சாக்ஸ். மண்டலத்தில் ஒன்பது நாள் பாக்கியிருந்தது.

வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. மரத்தில் ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ என்று காணிக்கை தொங்கியது. மச்சான் கல்லுக்கு முன்னால் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் வழக்கம்போல மேலே பராக்குப் பார்த்தேன். என் பழைய துண்டுகள் இருக்கின்றனவா என்று தேடினேன். வெயிலிலும் மழையிலும் வெளுத்து இரண்டு மிச்சம் இருந்தன, எதிர்ப்பக்கம் சுற்றிய முடிச்சோடு.

அவற்றுக்குப் பக்கத்தில், கிளையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு கிளிப்பச்சைத் துண்டு இருந்தது.

இந்தச் சாமிக்கு எல்லாரும் மஞ்சளும் சிவப்பும்தான் கட்டினார்கள். அந்தக் கிளிப்பச்சையை நான் போட்டது மச்சானின் கால் ஆறாமல் கிடந்த முதல் வாரத்தில். சாயம் பார்த்த துண்டு ஒன்றே ஒன்று, நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டு அக்காவிடம் கொடுத்தேன். மற்றவர்கள் கட்டியதெல்லாம் அவசர முடிச்சு. இதில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதுபோல நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே செருகி, நுனியைப் பல்லால் கடித்து விட்டிருந்தது. என் முடிச்சை அவள் போட்டோவில் கண்டுபிடித்த மாதிரி, அவள் முடிச்சை எனக்கு இருட்டில் தடவினாலும் தெரியும்.

கனவு கண்டதாகச் சொன்னாளே தவிர, அந்தப் பக்கம் ஒரு தடவைகூட வந்ததாக அவள் சொல்லவில்லை. ஓடையில் இறங்கி ஏறினால் அவளுக்கு முழங்கால் வலிக்கும். தனியாக வந்திருக்கிறாள். தம்பி நட்ட கல், தம்பி போட்ட அம்புக்குறி, தம்பியின் பட்டறைச் சாயம் என்று எல்லாம் அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே வந்து, யாரும் பார்க்காத இடமாகத் தேடி, வேண்டிக்கொண்டு கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

 என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் செருப்பைக் கழற்றினேன். கைகூப்பினேன்.

மச்சான் கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தார்.

"ஏலே, போடு மாப்ள செருப்ப!" என்று அதட்டினார். "ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா? சாமி கோவிச்சுக்கும்."

போட்டுக்கொண்டேன்.